துரியம் வரை போனால் மனநிறைவு கூடுமா? கூடியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிப்காட்_சுழற்சி (ஓசூர்):

வணக்கம். தவத்தில் (மனவளக்கலைத் தியானத்தில்) உட்காருகிறவர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "ஆக்கினையை முடிச்சு துரியம் போங்க, அதுக்கு மேல துரியாதீதம் போங்க, மனநிறைவு தானா வரும்." (ஆக்கினை என்றால் புருவ நடுவில் கவனம் வைக்கும் படி; மற்ற இரண்டும் அதற்கு மேற்பட்டவை என்கிறார்கள்.) விபாசனா என்ற பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போய்வருகிறவர்களும் வேறு வார்த்தையில் இதையேதான் சொல்கிறார்கள். மறுபக்கம், இருபது வருடம் தவம் செய்தும் வீட்டில் சிடுசிடுவென்று இருப்பவர்கள் ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தெருவுக்கு ஒருவராவது உண்டு.

இந்த மேல்நிலைக்கும் "என் வாழ்க்கை எனக்குப் போதும்" என்கிற திருப்திக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இருந்தால் எதை வைத்து அளப்பது, எத்தனை நாளில் தெரியும்? ஏ, பி, சி என்று வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவனுக்கு ஒத்துவரும்படி சொன்னால் நல்லது. "அனுபவித்தால்தான் தெரியும்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது தினமும் கிடைக்கிறது.

தகடூர்_ஏடு (தருமபுரி):

முதலில் அந்த "மேல்" என்ற சொல்லையே தட்டிப் பார்க்க வேண்டும் சார்.

மாண்டூக்கிய உபநிடதம் உணர்வுக்கு நான்கு நிலை சொல்கிறது. நம் சைவ சித்தாந்தம் ஐந்தாக எண்ணுகிறது: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். சித்தாந்தக் கணக்கில் விழிப்பில் உயிருக்கு இடம் புருவ நடு, வேலை செய்யும் கருவிகள் (புலன், மனம் போன்றவை) 35. கனவில் கழுத்து, 25. ஆழ்ந்த உறக்கத்தில் இதயம், 3. துரியத்தில் உந்தி (தொப்புள்), 2. துரியாதீதத்தில் மூலாதாரம் (முதுகெலும்பின் அடி), 1. கவனித்தீர்களா, இது இறங்குமுகம். இதற்குப் பெயரே கீழாலவத்தை (அவத்தை என்றால் நிலை). கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்று உயிர் இருட்டுக்குள் ஒடுங்குகிற கணக்கு இது. இந்தத் துரியாதீதத்தில் நிறைவும் கிடையாது, குறைவும் கிடையாது. அறிய ஆள் இல்லை. அருளோடு கூடி நடக்கும் நின்மல அவத்தைக்கும் இதே ஐந்து பெயர்கள்தான். அங்கே பொருள் தலைகீழ்.

வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலையில் துரியம் என்றால் உச்சந்தலை. ஒரே சொல் ஓரிடத்தில் உந்தியிலும் இன்னோரிடத்தில் உச்சியிலும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒருவர் "துரியம் போனேன்" என்றால் எந்தத் துரியம் என்று கேட்காமல் மேலே பேச முடியாது.

இனி திருப்திக்கு வருவோம். பதஞ்சலி சொன்ன யோகத்தின் எட்டு அங்கத்தில் சந்தோஷம் எங்கே இருக்கிறது தெரியுமா? எட்டாவதான சமாதியின் பலனாக இல்லை. இரண்டாவதான நியமத்துக்குள் (கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்கள்), தூய்மை, தவம் இவற்றோடு ஒரு பயிற்சியாக இருக்கிறது. ஒப்பற்ற சுகம் எதனால் வரும் என்பதற்கும் அவர் சந்தோஷத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார், சமாதியை அல்ல. திருமூலரும் நியமம் பத்தில் சந்தோடத்தைச் சேர்த்திருக்கிறார். ஆசனத்தில் உட்காருவதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டிய வேலையை, கடைசியில் கிடைக்கும் பரிசாக மாற்றிவிட்டது நம் காலத்துப் பிரசங்கம்.

பௌத்தர்களின் தியானப் படிகள் இன்னும் கறார். முதல் படியில் பரவசமும் சுகமும் உண்டு. பரவசத்துக்குப் பாலியில் பீதி என்று பெயர், நம்மூர் பீதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்றாம் படியில் பரவசம் போய்விடும். நான்காம் படியில் சுகமும் போய்விடும். மிச்சம் இருப்பது உபேட்சை, அதாவது எந்தப் பக்கமும் சாயாத சமநிலை. ஏற ஏற இன்பம் குறைவதாகவே அந்த ஏணி கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் படியின் சிலிர்ப்பைத் தேடி உட்காருகிறவருக்கு நான்காம் படி வந்தால் "ஒண்ணுமே வரலையே" என்றுதான் தோன்றும்.

எண்ணும்_எழுத்தும் (கிருஷ்ணகிரி):

தகடூர் ஐயா சொன்னதற்கு ஆய்வுப் பக்கத்திலிருந்து துணை சேர்க்கிறேன்.

"இப்போது நன்றாக இருக்கிறதா" என்பது ஒரு கேள்வி. "மொத்தத்தில் என் வாழ்க்கை எப்படி" என்பது வேறு கேள்வி. உளவியலாளர் டேனியல் கானமன் அனுபவிக்கும் நான், நினைவுகூரும் நான் என்று இதைப் பிரித்துப் பேசினார். தவத்தில் 20 நிமிடம் கிடைக்கும் அமைதி முதல் கேள்விக்கான பதில். நீங்கள் கேட்கும் மனநிறைவு இரண்டாவதைச் சேர்ந்தது. முதலாவது ஏறினால் இரண்டாவதும் தானாக ஏறிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எண்களைப் பார்ப்போம். 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியாக நாளின் பல வேளைகளில் கேட்டார்கள்: என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 46.9 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. இனிப்பான விஷயத்தில் அலைந்தபோதுகூட, கையிலிருந்த வேலையில் ஊன்றியிருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை. துரியமே தேவையில்லை, சும்மா கவனம் நின்றாலே அந்த நேரத்து மனநிலைக்கு நல்லது என்பதற்கு இது சான்று. வாழ்க்கைத் திருப்தியை இது தொடவில்லை.

2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 47 சோதனைகளை, 3,515 பேரைச் சேர்த்து அலசிய தொகுப்பு வந்தது. தியானப் பயிற்சியால் பதற்றம், மனச்சோர்வு, வலி இவை குறைவதற்கு மிதமான ஆதாரம். மகிழ்ச்சியான மனநிலை கூடுவதற்கோ தூக்கம் சீராவதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேல் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வேதனை குறைவதும் நிறைவு கூடுவதும் ஒன்றல்ல. கிணற்றில் சேறு வாரியதும் தண்ணீர் ஊறிவிட்டது என்று கணக்கெழுத முடியாதே.

எதிர்ப்பக்க ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. 2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்கு சைலோசைபின் (சில காளான்களில் இருக்கும், மனநிலையை மாற்றும் பொருள்) கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரண்டு மாதம் கழித்து 79 சதவீதம் பேர் நலவாழ்வு அல்லது வாழ்க்கைத் திருப்தி ஓரளவோ நிறையவோ கூடியதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு உயர்நிலை அனுபவம் இரண்டு மாதம் தாங்கியிருக்கிறது. ஆனால் அவர்கள் வடிகட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஏற்கெனவே ஆன்மிக ஈடுபாடு உள்ளவர்கள், முன்பே பேசித் தயார் செய்யப்பட்டவர்கள், முழு நேரமும் பக்கத்தில் ஆள் இருந்தது. கொடைக்கானல் காளான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இங்கே சைலோசைபின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

அளக்க எளிய கருவி எட் டீனர் குழு 1985-இல் வெளியிட்ட ஐந்து வாக்கியங்கள். நம் பேச்சில் சொன்னால்: என் வாழ்க்கை பெரும்பாலும் நான் விரும்பியபடி இருக்கிறது, என் சூழ்நிலை மிக நன்றாக இருக்கிறது, என் வாழ்க்கையில் எனக்குத் திருப்தி, முக்கியமாக வேண்டியவை கிடைத்திருக்கின்றன, மறுபடி பிறந்து வாழ்ந்தாலும் பெரிதாக எதையும் மாற்ற மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 1 என்றால் துளியும் ஒப்பவில்லை, 7 என்றால் முழுக்க ஒப்புகிறேன். கூட்டினால் 5-க்கும் 35-க்கும் நடுவில் வரும். 20 நடுநிலை.

இதில் தவறு நடக்கிற இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுபோல. தவம் முடித்து எழுந்த கையோடு எழுதுவார்கள், மதிப்பெண் சும்மா ஏறும். சம்பள நாளில் எழுதுவார்கள். போன தடவை போட்டதைப் பார்த்துக்கொண்டே எழுதுவார்கள், அது வேண்டாம், பழைய தாளை மடித்து உறைக்குள் போட்டுவிடுங்கள். மாந்தோப்பு வைத்திருப்பவர் மார்ச்சில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் எழுதினால் அது பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஃபேக்டரி வாசலில் கிடைத்த விலையைத்தான் அளக்கும், தவத்தை அல்ல. ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள், அது தானாகவே ஆடுகிற ஆட்டம்.

இன்னொன்று, வீட்டில் இருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன வாரம் என்கூட இருந்தது எப்படி, பத்துக்கு எத்தனை?" தவக்காரர் போட்ட எண்ணும் வீட்டுக்காரம்மா போட்ட எண்ணும் எதிரெதிர்த் திசையில் போனால், இரண்டாவதை நம்புவது என் பழக்கம்.

அண்ணாமலை_வழி (ஊத்தங்கரை):

நண்பர்கள் சொன்னது எல்லாம் லயத்துக்குப் பொருந்தும். ரமணர் மனத்தின் ஒடுக்கம் இரண்டு வகை என்பார்: லயம், நாசம். லயத்தில் ஒடுங்கிய மனம் திரும்ப எழும். நாசமானது எழாது. கங்கைக்கரை யோகி ஒருவரைப் பற்றி அவர் சொல்லும் கதை உண்டு. சீடனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு சமாதியில் ஆழ்ந்துவிடுகிறார். காலம் காலமாகப் போய்விடுகிறது. கண் திறந்ததும் முதல் வார்த்தை: "தண்ணீர் எங்கே?" அத்தனை காலச் சமாதியும் ஒரு தாகத்தை அப்படியே ஊறுகாய் மாதிரி பத்திரமாக வைத்திருந்தது.

ஆகவே இருபது வருடம் உட்கார்ந்தும் சிடுசிடுப்பவர் லயத்தில் இருக்கிறார். நாசம் என்று வந்துவிட்டால் 35-க்கு எத்தனை என்று மதிப்பெண் போட அங்கே யார் இருப்பார்? இந்த மதிப்பெண் கணக்கை வைத்து அதை மறுக்க முடியாது என்பது மட்டும் என் வாதம்.

எண்ணும்_எழுத்தும்:

மறுக்கவில்லை அண்ணா. ஆனால் மதிப்பெண் போட ஆளே இல்லாத இடத்தில் "தனிப்பட்ட திருப்தி" என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. கேட்டவர் ஷிஃப்டுக்குப் போய்வருகிற ஆள், அவருக்கு லயத்தின் கணக்குதான் இப்போதைக்கு.

களியும்_கீரையும் (பென்னாகரம்):

பேச்சு உயரத்துல போயிட்டு இருக்கு, கொஞ்சம் தரைக்கு வரலாமுங்க.

மேல்நிலைன்னு சொல்ற பாதிப் பேருக்கு வர்றது அரைத்தூக்கம். நைட் ஷிஃப்ட் முடிச்சு காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தா யாருக்குமே உடம்பு மிதக்கும், நிறம் தெரியும், யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்கும். தூக்கத்தோட வாசப்படியில எல்லாருக்கும் நடக்கிறது அது. அடையாளம் பாருங்க: தலை முன்னாடி சாயும், வாயோரம் எச்சில் ஈரம், கையோ காலோ திடுக்குனு உதறும், எழுந்ததும் மந்தம். தவம்னா முதுகு நின்ன இடத்துலேயே நிக்கும், வெளிச் சத்தம் கேட்கும் ஆனா இழுக்காது, எழுந்ததும் தெளிவு. சந்தேகமா இருந்தா வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசா ஒட்டி வெச்சுக்கிட்டு உட்காருங்க. தூக்கம் வந்தா விரல் தானா பிரிஞ்சிடும்.

உட்காருற நேரம் 15, 20 நிமிஷம் போதும். களி சாப்பிட்டா மூணு மணி நேரம் விடணும், இட்லின்னா ரெண்டு. அலாரம் பெரிய சத்தத்துல வைக்காதீங்க, ஆழத்துல இருக்கும்போது அடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், அன்னிக்கு முழுக்க எரிச்சல். மூச்சை நிறுத்தி "கொண்டுபோக" முயற்சி பண்றது இன்னொரு தப்பு, தலைவலிதான் மிச்சம்.

ஆக்கினை, துரியம் ரெண்டையும் மட்டும் விரட்டி விரட்டிச் செய்யறவங்களுக்கு நெற்றியில அழுத்தம், உச்சியில பாரம், உடம்புச் சூடு, தூக்கம் கெடுறது வரும். அதுக்குத்தான் அந்த முறையிலேயே சாந்தி தவம் இருக்கு. கவனத்தை மூலாதாரத்துக்கு இறக்கி அங்கேயே வெக்கிறது. பாரம் இருக்கிற நாள்ல துரியத்தை விட்டுட்டு சாந்தி மட்டும் செய்யணும். "மேல போறதுதான் முன்னேற்றம்"னு நெனைக்கிறவங்க இதைக் கீழ்ப்படின்னு ஒதுக்கிடறாங்க, தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

இப்போ நீங்க கேட்ட திருப்தி. வேதாத்திரி மகரிஷி தவத்தை மட்டும் குடுத்துட்டுப் போகலை. அகத்தாய்வுன்னு ஒண்ணைப் பக்கத்துலேயே வெச்சார்: எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார். சிடுசிடுன்னு இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, தவம் தினமும் நடக்கும், இந்த நோட்டுப் புத்தகம் மட்டும் பரண்ல கிடக்கும்.

கவலை ஒழித்தலை எப்படிச் செய்யறதுன்னு காட்டறேன். நாற்பது பக்க நோட்டு, ஒரு பக்கத்தை நாலாப் பிரிங்க. அனுபவிச்சே தீர வேண்டியது, அலட்சியம் செய்ய வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, உடனே முடிக்க வேண்டியது. நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரோட பக்கம் எப்படி இருக்கும்? எண்ணூறு அடி போட்டும் போர் புகைஞ்சு போச்சு: அனுபவிக்கிறது, காசு போனது போனதுதான். கல்யாணத்துல மொய் கம்மின்னு பங்காளி பேசினது: அலட்சியம். ஒன்பதாவது படிக்கிற பொண்ணோட காலேஜ்: தள்ளிப்போடு. சொசைட்டியில வெச்ச நகை, வர்ற பதினெட்டாம் தேதி கெடு: உடனே, நாளைக்குக் காலையில வட்டியாவது கட்டு. எழுதி முடிச்சதும் தெரியும், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது கடைசிக் கட்டத்துல இருந்த ஒண்ணே ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதோட சேர்ந்து கத்திக்கிட்டு இருந்துச்சு.

இதுல ஒரு சிக்கல் உண்டு. முதல் வாரத்துல எல்லாரும் எல்லாத்தையும் "உடனே" கட்டத்துல போடுவாங்க. அந்தக் கட்டத்துல ரெண்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வெச்சுக்கிட்டாத்தான் பட்டியல் வேலை செய்யும். அலட்சியம்னு எழுதினதை அப்புறம் யார்கிட்டயும் பேசவும் கூடாது. பேசினா அது மறுபடி முதல் கட்டத்துக்கு ஏறிடும்.

தவம் எதுக்குன்னா, இந்தப் பட்டியலைப் பதறாம பார்க்க. பட்டியல் எழுதாம தவம் மட்டும்னா வண்டியைத் துடைச்சு வெச்சுட்டு ஷெட்டுலேயே நிறுத்துற மாதிரி.

தொப்பூர்_திருப்பம்:

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆழ்ந்த நிலைகள் எல்லாருக்கும் இனிமையாக இருப்பதில்லை. 2017-இல் மேற்கு நாடுகளின் பௌத்தப் பயிற்சியாளர்கள் 60 பேரிடம் பேட்டி எடுத்த ஆய்வு ஒன்று வந்தது. பயம், தான் தானில்லாதது போன்ற உணர்வு, தூக்கமின்மை என்று பல கடினமான அனுபவங்களை அது பதிவு செய்திருக்கிறது.

இரண்டு மூன்று இரவு தூங்காமலேயே களைப்பு தெரியவில்லை, பேச்சு வேகமாகிறது, குரல் கேட்கிறது, தனக்கு விசேஷப் பணி வந்திருப்பதாகத் தோன்றுகிறது என்றால் அது துரியம் இல்லை. உட்காருவதை அன்றே நிறுத்த வேண்டும். வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது டெலி மானஸ் 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தவத்தை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. பத்து நாள் முகாம் படிவத்தில் மனநல சிகிச்சை பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்துவிட்டுப் போய், ஆறாவது நாள் பேச்சும் இல்லாமல் ஃபோனும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் உடன் இருப்பவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

சிப்காட்_சுழற்சி:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விஷயம் மட்டும். சி ஷிஃப்ட் (இரவு வேலை) வாரத்தில் எப்போது உட்காருவது? ஐந்து வாக்கியத்தை எட்டு வாரம் கழித்துத் திரும்ப எழுதலாமா?

களியும்_கீரையும்:

சி ஷிஃப்ட் வாரத்துல காலையில வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தூங்குங்க. மதியம் ரெண்டு மூணு மணிக்கு எழுந்து, குளிச்சு, சாப்பிடறதுக்கு முன்னாடி 15 நிமிஷம். கிளம்புற அவசரத்துல ஒன்பது மணிக்கு உட்காராதீங்க. பஸ் போயிடுமோங்கிற நெனப்புதான் தவமா இருக்கும்.

எண்ணும்_எழுத்தும்:

எட்டு வேண்டாம், ஒன்பது வாரம். உங்கள் சுழற்சி மூன்று வாரம். ஏ ஷிஃப்ட் வாரத்துப் புதன்கிழமை முதல் தாளை எழுதினால், எட்டு வாரம் கழித்து வரும் புதன் சி ஷிஃப்டில் போய் விழும், தூக்கக் கலக்கத்தில் எண் குறையும். ஒன்பது வாரம் கழித்து மறுபடி ஏ ஷிஃப்ட். அதே புதன், அதே மாலை வேளை, தவத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தள்ளி. நடுவில் போனஸ் வருகிற மாதம் இருந்தால் தாளின் மூலையில் அதையும் குறித்து வையுங்கள்.